கீரைப்பாத்தியும் குடும்ப நலமும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் உள்ளிட்ட பகுதிகளில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் நம் மாவட்ட வகுப்பறைகளில் இருக்கிறார்கள். துயரத்தைச் சொல்ல வாய் திறக்காத குழந்தையும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து வரும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மறுவாழ்வுப் பிரிவில் தோட்டக்கலையும் ஒரு பயிற்சி. அன்றாடம் ஒரு சிறுவேலை, கண்ணெதிரே அதன் பலன். மனம் தேற இவை உதவுகின்றன. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினரின் வேளாண்மை, குடும்பமே சேர்ந்து செய்யும் உழைப்பு. இதைச் சூழ்நிலையியல் பாடத்தோடு இணைத்து நடத்துகிறேன்.

செயல்பாடு: ஆடிப்பட்டத்தில் ஒவ்வொருவருக்கும் முளைக்கீரை, அவரை விதைகள் தருகிறேன். இடமில்லாத வீட்டுக்கு மண் நிரப்பிய சாக்குப்பை போதும். கீரையை நான்காம் வாரத்தில் பறிக்கலாம். அவரைக்குச் சில மாதம் காத்திருக்க வேண்டும்.

பதிவேடு: தேதி, செடியில் கண்ட மாற்றம், இன்று என்னுடன் நின்றவர் என மூன்று கட்டங்கள். ‘அப்பா’, ‘அம்மா’ என்று அச்சிடுவதில்லை. பாட்டி, மாமா, பக்கத்து வீட்டு அக்கா யாரும் அதில் இடம்பெறலாம். மூன்றாம் கட்டம் தொடர்ந்து வெறுமையாக இருந்தால், அந்தக் குழந்தையைத் தனியே அழைத்துப் பேசுகிறேன்.

ஆசிரியர் கவனத்திற்கு: இதற்கு மதிப்பெண் வேண்டாம். செடி வாடினால் மறுவிதை கொடுங்கள். தூக்கமின்மை, நீடித்த மௌனம், தொடர் விடுப்பு தெரிந்தால் தோட்டம் மட்டும் போதாது. டெலிமானஸ் 14416, குழந்தைகள் உதவி எண் 1098 ஆகியவற்றைக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுங்கள்.