மரநிழலும் மன ஆறுதலும்

மனவழுத்தம் நகரத்தவருக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் கிராமங்களில் இன்றும் உண்டு. ஆனால் கடன், பிள்ளைகளின் பரீட்சை, வெளிநாடு சென்ற உறவுகளைப் பற்றிய ஏக்கம், போர்க்கால இழப்புகளின் நினைவு என்பன கிராமத்தவரின் நித்திரையையும் கெடுத்தே வருகின்றன. நெஞ்சுப் படபடப்பு, காரணமின்றி வரும் கோபம், தலையிடி என உடலிலும் அது வெளிப்படுகின்றது. வைத்தியமும் உளவள ஆலோசனையும் தேவைப்படுவோர் உளர். எனினும் பலருக்குத் துணைசெய்யக்கூடிய ஒன்று பணச்செலவின்றியே கிடைக்கின்றது. அது மரங்களின் அருகே அமைதியாகக் கழிக்கும் நேரமாகும்.

இது வெறும் நம்பிக்கையன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து வைத்தியசாலை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பைச் சத்திரசிகிச்சை பெற்ற 46 நோயாளரின் பதிவேடுகளை றோஜர் உல்றிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டு, 1984 இல் முடிவை வெளியிட்டார். 23 பேரின் அறை யன்னல்கள் மரங்களை நோக்கியிருந்தன. மற்றைய 23 பேரின் யன்னல்கள் செங்கற் சுவரொன்றை நோக்கியிருந்தன. வயது, பால் முதலியவற்றில் ஒத்தவர்களே சோடி சோடியாக ஒப்பிடப்பட்டனர். மரங்களைக் கண்டவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகள் குறைவாகவே தேவைப்பட்டன. சராசரியாக முக்கால் நாள் முன்னதாக அவர்கள் வீடு திரும்பினர். குளிர்காலத்தில் அங்கு மரங்கள் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும் என்பதால், மே முதல் ஒக்டோபர் வரையான பதிவுகளை மட்டுமே அவர் எடுத்துக்கொண்டார். கட்டிலிற் படுத்தபடி பார்த்ததற்கே இப்பலன் கிட்டியது.

யப்பானில் 1982 ஆம் ஆண்டு அரசின் வனத்துறை ‘ஷின்ரின்-யொகு’ என்ற சொல்லை அறிமுகஞ் செய்தது. காட்டுக் குளியல் என்பது அதன் பொருள். இங்கே தண்ணீர் இல்லை. காட்டின் காற்றிலும் ஒளியிலும் மணத்திலும் தோய்ந்திருப்பதே குளியல். பின்னர் அந்நாட்டின் 24 காடுகளில் நடத்தப்பட்ட சோதனைகளில், நகரத்தில் இருந்த நேரத்தைவிடக் காட்டில் இருந்தபோது நாடித்துடிப்பு, குருதியமுக்கம், மனவழுத்தத்தின்போது சுரக்கும் கோட்டிசோல் என்ற ஓமோன் ஆகியன குறைந்திருந்தமை 2010 இல் வெளியிடப்பட்டது.

ஏன் இவ்வாறு நிகழ்கின்றது? மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தின் கப்லான் தம்பதியினர் 1989 இல் வெளியிட்ட நூலில் தந்த விளக்கம் எளிதானது. கணக்குப் பார்ப்பது, வீதியில் வாகனத்தைக் கவனிப்பது, பிறர் சொல்வதை ஊன்றிக் கேட்பது யாவும் முயன்று செலுத்தும் கவனம். அது களைத்துப்போகும், களைத்தவுடன் எரிச்சல் வரும். அசையும் இலை, குளத்து நீரின் நெளிவு, குருவிச் சத்தம் என்பன முயற்சியின்றியே மனத்தை ஈர்ப்பன. அவ்வேளையில் களைத்த கவனம் ஓய்வுபெறுகின்றது.

எவ்வளவு நேரம் வேண்டும் என்ற கேள்விக்கும் விடையுண்டு. நகரவாசிகள் 36 பேரின் உமிழ்நீரைச் சோதித்து 2019 இல் வெளியான ஆய்வொன்றில், 20 முதல் 30 நிமிடம் வரை இயற்கைச் சூழலில் இருந்தபோதே கோட்டிசோல் விரைவாகக் குறைந்தது. அவர்கள் அந்நேரத்தில் தொலைபேசி பார்க்கவோ, வாசிக்கவோ, உரையாடவோ கூடாது என்பது நிபந்தனை. இதுதான் கடினமான பகுதி! அதே ஆண்டு இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளை ஆராய்ந்தோர், வாரத்தில் 120 நிமிடமாவது இயற்கையிற் கழிப்போர் தம்மை நலமுள்ளவராகக் கூறுவது அதிகம் எனக் கண்டனர். நலமுள்ளோரே அதிகம் வெளியே செல்வதாகவும் இருக்கலாம் என்பதால் இதனை உறுதியான நிரூபணமாகக் கொள்ளலாகாது.

கிராமத்து அடியார்களுக்கு இதற்காகக் காடு தேடிப் போகவேண்டியதில்லை. ஆலய வெளிவீதியின் வேம்பும் மருதும், தலவிருட்சத்தின் நிழலும், தீர்த்தக்கேணிப் படிகளும் போதும். பூசை முடிந்து விபூதி பெற்றவுடன் மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்படுவோர், அரைமணி நேரம் அங்கே பேசாதிருந்து பார்க்கலாம். கவலை யாதெனில், சருகு கூட்டுவது சிரமம் என்பதற்காகவே பல ஆலயங்களில் மரங்கள் தறிக்கப்பட்டு, மணல் வீதிகள் சீமெந்தால் மூடப்படுகின்றன. நண்பகலில் அச்சீமெந்திற் கால்வைத்தவர்களுக்கு இழந்தது எதுவெனத் தெரியும்.

சில அவதானங்கள் அவசியம். டெங்கு நுளம்பு கடிப்பது பெரும்பாலும் காலையிலும் மாலையிலுமே. ஆகவே மாரிகாலத்தில் கைகால் மூடிய உடையணிவதும், சுற்றாடலில் சிரட்டை, போத்தல்களில் நீர் தேங்காது பார்ப்பதும் வேண்டும். வாரக்கணக்கில் நித்திரையின்றித் தவிப்போரும், வாழ்வில் வெறுப்புற்றுப் பேசுவோரும் வைத்தியரிடம் தாமதமின்றி அழைத்துச் செல்லப்படவேண்டும். மரநிழல் மட்டும் அவர்களுக்குப் போதாது.

மரமில்லாத ஆலயங்களில் ஐப்பசி மழையோடு கன்று நடுவது நல்லது. மாரி முழுவதும் வேரூன்றினால் சித்திரை வெயிலைத் தாங்கும். ஆலும் அரசும் சுவரைப் பிளக்குமாதலால் கட்டடத்துக்குத் தள்ளியே நடவேண்டும். ஆடு, மாடு கடியாதபடி முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு வேலி அடைத்து, கோடையில் கேணி நீரையோ கிணற்று நீரையோ ஊற்றுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால் கன்று பிழைத்துக்கொள்ளும்.