ஸ்வாத்யாயம்: தனக்கென ஒரு சேமிப்பு

நாளைய தேவையைக் கருதி இன்றைய வருவாயில் ஒரு பகுதியைச் சேமிப்பது இல்லறத்தாரின் கடமை. பணத்தைப் போலவே நேரமும் ஒரு செல்வம். அதில் ஒரு பகுதியைத் தன் அறிவையும் பண்பையும் வளர்க்கும் நூல்களுக்கென நாள்தோறும் ஒதுக்குவதை நம் முன்னோர் ஸ்வாத்யாயம் என்றனர். கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனிடம், ஸ்வாத்யாயத்தைக் கைவிடாதே என்று குரு அறிவுறுத்துவதைத் தைத்திரீய உபநிஷதத்தில் காண்கிறோம். குருகுல வாசம் முடிந்தாலும் கற்றல் முடிவதில்லை என்பதே அதன் பொருள். பகவத்கீதையின் 17-ஆம் அத்தியாயமோ இப்பயிற்சியை வாக்கினால் செய்யும் தவமாகவே கூறுகிறது.

ஆயினும், 'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்று கேட்போர் பலர். மகாத்மா காந்தியின் வாழ்க்கை அவர்களுக்கு விடை தருகிறது.

முப்பத்தைந்து நிமிடங்கள்

1903-ஆம் ஆண்டில் காந்திஜி தென்னாப்பிரிக்காவின் ஜோஹன்னஸ்பர்க் நகரில் வழக்கறிஞர். தொழிலும் பொதுப்பணியும் அவரது பகற்பொழுது முழுவதையும் எடுத்துக்கொண்டன. நண்பர்களுடன் சேர்ந்து கீதையைப் படித்துவந்த அவர், நாள்தோறும் ஓரிரு சுலோகங்களை மனப்பாடம் செய்வதென உறுதி பூண்டார். காலையில் பல் துலக்க 15 நிமிடங்கள், நீராட 20 நிமிடங்கள் அவருக்குத் தேவைப்பட்டன. அந்த நேரத்தையே அவர் படிப்பிற்குரியதாக்கினார். சுலோகங்களை எழுதிய காகிதத் துண்டுகளை எதிர்ச்சுவரில் ஒட்டிவைத்து, பல் துலக்கியபடியே அவற்றைப் பார்த்துக்கொண்டார். புதிய பாடத்தைக் கற்கவும், பழையதை நினைவுகூரவும் அந்நேரம் போதுமாயிருந்தது. இவ்வாறே 13 அத்தியாயங்கள் அவருக்கு மனப்பாடமாயின.

சிறுவயதில் இட்ட விதை

இதற்கு வேண்டிய சமஸ்கிருத அறிவைப் பள்ளிப் பருவத்திலேயே அவர் இழந்திருக்கக்கூடும். ராஜ்கோட்டில் படிக்கையில் அம்மொழி கடினமாகத் தோன்றவே, எளிது என்று பிறர் கூறிய பாரசீக வகுப்பில் ஒருநாள் போய் அமர்ந்துவிட்டார். ஆசிரியர் கிருஷ்ணசங்கர் வருந்தி, அன்புடன் அழைத்து அறிவுரை கூறினார். வெட்கமுற்ற மாணவர் பழைய வகுப்பிற்கே திரும்பினார். அன்று கற்ற சிறிதளவு சமஸ்கிருதமே பிற்காலத்தில் தமக்குத் துணைநின்றது என்று காந்திஜி நன்றியுடன் நினைவுகூர்ந்தார்.

கற்றது நடத்தையானது

மனப்பாடத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அபரிக்கிரகம், சமபாவம் என்னும் சொற்கள் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. உடைமையைத் துறப்பது எவ்வாறு என்று தம்மைத்தாமே கேட்டுக்கொண்டார். முன்னர் பம்பாயில் எடுத்திருந்த 10,000 ரூபாய் ஆயுள் காப்பீட்டைக் கைவிட்டுவிடும்படி கடிதம் எழுதினார். இனித் தமது சேமிப்பு சமூகத்திற்கே உரியது என்று தமையனாருக்கும் தெரிவித்தார். இல்லறத்தார் அனைவரும் காப்பீட்டைக் கைவிட வேண்டும் என்பதல்ல இதன் கருத்து. கற்ற ஒரு சொல்லைத் தம் வாழ்க்கைக் கணக்கில் வைத்துப் பார்க்க அவர் தயங்கவில்லை என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

பணிகள் பெருகியபோது மனப்பாடம் தடைப்பட்டது, கற்றல் தடைப்படவில்லை. தென்னாப்பிரிக்கச் சிறைகளில், தம்முடன் போராடிய தமிழர்களின் மொழியை அறிய விரும்பி, போப் எழுதிய தமிழ்ப் பாடநூலைப் பயின்றார். கீதையோ அவருக்கு அன்றாட வாழ்வின் அகராதியாயிற்று. 'அநாசக்தி யோகம்' என்னும் பெயரில் அவர் செய்த குஜராத்தி மொழிபெயர்ப்பு 1930-இல் வெளிவந்தது. ஜோஹன்னஸ்பர்க்கின் சுவரில் காகிதத் துண்டுகள் ஒட்டப்பட்டு அப்போது கால் நூற்றாண்டிற்கும் மேலாகியிருந்தது.

சாதகர் கைக்கொள்ளத்தக்கவை

புதிதாக நேரம் தேடி அலைய வேண்டாம். அன்றாடம் தவறாமல் செய்யும் ஒரு செயலோடு படிப்பை இணைத்துக்கொள்ளலாம். அளவு சிறிதாயினும் நாள் தவறலாகாது. புதியதைக் கற்கும்போது பழையதையும் ஒருமுறை நினைவுகூர்தல் நலம். அனைத்திற்கும் மேலாக, கற்றவற்றுள் ஒரு சொல்லையேனும் அன்றைய நடத்தையில் சோதித்துப் பார்க்க வேண்டும். நாளைக் காலை ஒரு சுலோகம், ஒரு குறள், அல்லது ஒரு புதிய மொழியின் நான்கு சொற்களுடன் இதைத் தொடங்கலாம்.