வீட்டுத்திட்டம் ஊருக்கு வருகிறது: எப்படி முடிவெடுப்பது?

கொட்டிலிலும் தகரக் கொட்டகையிலும் பல மாரிகளைக் கழித்த நமக்கு, கல்வீடு என்பது சிறிய ஆசையல்ல. 'நூற்றுக்கணக்கில் வீடு கட்டப்போகிறோம், பெயரைப் பதியுங்கள்' என்று யாராவது வந்து சொன்னால் மறுப்பது கடினம். ஆயினும் கமக்காரக் குடும்பம் வாழ்வதற்கு வீட்டோடு வயலும் கிணறும் மாட்டுப்பட்டியும் சந்தைக்குப் போகும் பாதையும் வேண்டும். எனவே பெரிய வீட்டுத்திட்டம் ஒன்று ஊருக்குள்ளோ அருகிலோ வரும்போது, பெயரைப் பதியுமுன் ஊராகக் கூடி ஆராய்வது அவசியம். அதற்கு உதவவே இப்பாடம்.

நம் பிரதேசத்தின் மூன்று அனுபவங்கள்

முதலாவது: இந்திய அரசு 2010ஆம் ஆண்டு 50,000 வீடுகளை அறிவித்தது. அவற்றிற் பெரும்பகுதி வடக்கு கிழக்கிற்குரியது. 2012 முதல், 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபா கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. குடும்பத்தாரே கல் வாங்கி, மேசனைப் பிடித்துக் கட்டினர். பணத்தின் ஒரு பகுதி ஊர்த் தொழிலாளர் கையிலும் புழங்கியது. ஆனால் பொருள்விலை ஏறியதால் பல குடும்பங்கள் கடன்பட்டன.

இரண்டாவது: 2015இல் அரசு 65,000 வீடுகளுக்கான திட்டத்தை முன்வைத்தது. பன்னாட்டு நிறுவனமொன்று உருக்கினாற் செய்த பொருத்து வீடுகளைத் தர முன்வந்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அக்காலத்தில் சுமார் 10 இலட்சத்துடன் கல்வீடு கட்டலாம் என்று பலர் எடுத்துக்காட்டினர். அத்திவாரம் உறுதியானதா, வெக்கை தாங்குமா, விறகடுப்புக்கு இடமுண்டா, பழுதானால் ஊரில் யார் திருத்துவது என்ற கேள்விகளும் எழுந்தன. பொறியியலாளரும் பொது அமைப்புகளும் மாதிரி வீடுகளைப் பார்த்துக் கேட்ட கேள்விகள் அவை. அத்திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை.

மூன்றாவது: 2012 செப்ரெம்பரில் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது, முல்லைத்தீவு கேப்பாப்பிலவு மக்களின் காணிகள் படையினர் வசம் இருந்தன. அவர்கள் சீனியாமோட்டைக் காட்டுப்பகுதியில் குடியமர்த்தப்பட்டனர். அது மாதிரிக் கிராமம் எனப்பட்டது. அங்கு வீடுகள் கிடைத்த பின்னரும் சொந்தக் காணியைக் கேட்டு 2017இல் அம்மக்கள் வீதியோரம் இரவு பகலாக இருந்து போராடினர். ஒரு பகுதிக் காணி விடுவிக்கப்பட்டது.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. காணி: வீடு எவருடைய காணியில்? உறுதி தருவார்களா, அனுமதிப்பத்திரமா, வெறும் கடிதமா? புதிய வீட்டை ஏற்றால் பழைய காணிக்கான உரிமை போய்விடுமா? உரிமையை விட்டுக்கொடுப்பதாகக் கூறும் தாளில் வாசித்து விளங்காமல் ஒப்பமிடக் கூடாது. பத்திரம் கணவன் பெயரில் மட்டுமா, மனைவி பெயரிலும் உண்டா?

2. வயல்: தெரிவாகும் நிலம் வயலா, குளத்தின் நீரேந்து பகுதியா, மேய்ச்சல் தரையா? 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியின்றி வயலை நிரப்ப முடியாது.

3. தண்ணீர்: நூறு குடும்பம் வந்தால் நூறு மலசலகூடமும் வரும். யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்புக்கல் நிலத்தில் கழிவுநீர் வெடிப்புகளூடாகக் கிணற்று நீரை விரைவில் அடையும். கோடையில் அயலூர்க் கிணறுகள் தாங்குமா?

4. தொழில்: வீட்டிலிருந்து வயலுக்கு எத்தனை மைல்? பஸ் உண்டா? காவலுக்கு யார் போவது?

5. செலவு: தரும் பணம் கூரைவரை போதுமா? போதாவிட்டால் மீதிக்கு எங்கே கடன்படுவோம்?

சட்டம் தரும் வழிகள்

தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி அறிவித்தலில், 1,000க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட திட்டங்களும், 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பமின்றி இடம்மாற்றும் குடியேற்றங்களும் சுற்றாடல் அனுமதி பெறவேண்டியவை எனக் குறிக்கப்பட்டன. அவசர நிலையிற் செய்யப்படும் குடியேற்றங்களுக்கு விலக்கு உண்டு. இடம்பெயர்ந்தோர் இதைக் கவனிக்க வேண்டும். முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கப்படுமானால், அதைப் பார்த்துக் கருத்து எழுதப் பொதுமக்களுக்கு 30 நாட்கள் உண்டு. தமிழ்ப் பத்திரிகையிலும் அறிவித்தல் வரவேண்டும்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இன்னொரு கருவி. வரைபடம், ஒப்பந்தம், பயனாளிகளைத் தெரிவுசெய்த புள்ளிமுறை ஆகியவற்றைப் பிரதேச செயலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும்.

கூட்டம் நடத்தும் முறை

ஒரே கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டாம். முதற் கூட்டத்தில் தகவலை மட்டும் பகிர்ந்து, கேள்விகளை எழுதிக்கொள்வோம். பின்னர் ஐந்தாறு பேர் போய் நிலத்தையும், முன்பு கட்டிய வீடுகளையும் பார்த்துவரட்டும். அடுத்த கூட்டத்தில் அலுவலரை அழைத்துப் பதில் கேட்போம். பெண்கள் தனியாகக் கூடிப் பேசவும் நேரம் ஒதுக்க வேண்டும். தண்ணீர் அள்ளுவோருக்கும் அடுப்பு மூட்டுவோருக்கும் தெரியும் குறைகள் மேடையில் பேசுவோருக்குத் தெரிவதில்லை. காணியற்றோர், கணவனை இழந்தோர் என்ன சொல்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். காணியுள்ளவர் 'வேண்டாம்' என்பது எளிது. காணியில்லாதவருக்கு அதுவே ஒரேயொரு வாய்ப்பாக இருக்கலாம்.

அயலூராரையும் மறக்கலாகாது. அவர்களது குளத்துக்கும் மேய்ச்சல் தரைக்கும் பங்காளிகளாக நாம் போகிறோம். வீடு எழும்பிய பின் சண்டை பிடிப்பதிலும் அத்திவாரம் வெட்டுமுன் பேசுவது நல்லது.

விடை 'ஆம்', 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை. 'இந்த இடம் வேண்டாம், எங்கள் காணியிலேயே கட்டித் தாருங்கள்' என்றோ, 'வீட்டை ஏற்கிறோம், பழைய காணிக்கான உரிமையை விடமாட்டோம்' என்றோ சொல்லலாம். எதுவாயினும் எழுத்தில் கொடுத்து, பிரதியில் கையேற்ற திகதியும் ஒப்பமும் வாங்கிச் சங்கத்தின் கோவையில் வைப்போம்.

கலந்துரையாடலுக்கு

1. நமது காணிப் பத்திரங்கள் எங்கே? தொலைந்தவர்கள் பிரதி எடுக்க என்ன செய்தார்கள்?
2. இப்போது நாம் இருக்கும் இடத்தில் கிணறும் மலசலகூடமும் எவ்வளவு தூரத்தில் உள்ளன?
3. நாளை வீட்டுத்திட்டம் வந்தால், நம் ஊரில் யாருடைய குரல் கேட்காமற் போகும்?