ஹேமர் மெஷின் வாங்கப் போறீங்களா? முதலில் ஓட்டையை அளந்து பாருங்க!

"அண்ணா, நல்ல ஹேமர் மெஷினா ஒண்ணு குடுங்க. எத்தனை வாட்ஸ் வரைக்கும் இருக்குதுங்க?" புதிதாகத் தொழிலுக்கு வந்த பிளம்பர் ஹார்டுவேர் கடையில் கேட்கும் முதல் கேள்வி இது. விவரம் தெரிந்த கடைக்காரர் பதிலுக்குக் கேட்பார்: "வாட்ஸ் கெடக்கட்டும் தம்பி. எந்தச் சுவத்துல, எந்தப் பைப்புக்கு ஓட்டை போடப் போறீங்க?"

கருமத்தம்பட்டி வட்டாரத்தில் தொழில் செய்பவருக்கு இந்தக் கேள்வி ரொம்பவே முக்கியம். கோவை - அவிநாசி நெடுஞ்சாலையை ஒட்டிப் புதுக் கான்கிரீட் வீடுகள். சோமனூர்ப் பக்கம் விசைத்தறிக் கூடங்கள். உள்ளே போனால் கருங்கல் கட்டில் நிற்கும் பழைய வீடுகள். காம்பவுண்டு சுவர் என்றால் ஹாலோ பிளாக். ஒரே வாரத்தில் இத்தனையிலும் கை வைக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பெரிய மெஷினாக ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பதில்தான் காசும் போகிறது, தோள்பட்டையும் போகிறது.

பேர் ஒன்று, மெஷின் மூன்று

கடையில் எல்லாவற்றையும் 'ஹேமர்' என்றுதான் சொல்வார்கள். உள்ளே இருப்பது வேறு வேறு.

முதலாவது, இம்பாக்ட் டிரில். உள்ளே பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளும். அடியின் வேகம் அதிகம், பலம் குறைவு. செங்கல் சுவரில் கிளாம்ப் அடிக்க, பிளக் போட இது போதும். கான்கிரீட்டில் பொதுவாக 10 முதல் 13 மி.மீ. வரைதான் இதன் எல்லை. அதற்கு மேல் போனால் நீங்கள்தான் உடம்பைப் போட்டு அமுக்க வேண்டும்.

இரண்டாவது, ரோட்டரி ஹேமர். இதில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று அடிக்கட்டையைத் தள்ளி, கட்டை பிட்டின் பின்பக்கத்தில் அடிக்கும். அடிக்கும் வேலை மெஷினுடையது. நிலையாகப் பிடிப்பதுதான் உங்கள் வேலை. பிளம்பருக்கு வேண்டியது இதுதான்.

மூன்றாவது, பிரேக்கர். இது சுற்றாது, அடிக்க மட்டும் செய்யும். தளம் உடைக்க, பழைய பாத்ரூமைப் பெயர்க்க, கருங்கல் கட்டில் வழி எடுக்க.

பைப்பின் பெயர் வேறு, வெளி அளவு வேறு

மெஷினுக்கு முன்னால் முடிவாக வேண்டியது ஓட்டையின் அளவு. அரை இன்ச் சிபிவிசி பைப்பின் வெளி விட்டம் 15.9 மி.மீ., முக்கால் இன்ச் 22.2, ஒரு இன்ச் 28.6. முக்கால் இன்ச் யுபிவிசி பைப்போ 26.7 மி.மீ., அதாவது 26 மி.மீ. பிட் போட்ட ஓட்டையில் நுழையாது. சுடுதண்ணீர் லைன் சூட்டில் நீளும் என்பதால், ஓட்டை பைப்பை விடச் சற்றுப் பெரிதாகவே இருக்க வேண்டும்.

வீட்டு வேலையில் அன்றாடம் போடும் ஓட்டைகள் கிளாம்புக்கு 6, 8 மி.மீ., ஆங்கருக்கு 10, 12 மி.மீ., பைப்புக்கு 18 முதல் 25 மி.மீ. இதற்கு '26 மி.மீ.' வகை ரோட்டரி ஹேமர் சரியாகப் பொருந்தும். 28, 32 மி.மீ. ஓட்டை அடிக்கடி வருமென்றால் அதே வகையில் ஒரு படி மேலே பாருங்கள்.

கழிவுநீருக்கான 110 மி.மீ. பைப் தனிக் கதை. ஸ்லாபில் சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டையாகப் போட்டு உளியால் தட்டினால், மேலே அளவான வட்டம் இருக்கும். கீழே சீலிங்கில் அதைவிட அகலமாகக் கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரியும். அதற்கு டைமண்ட் கோர் கட்டிங் ஆளைக் கூப்பிடுவதே முறை. அதைவிட மேல், கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சைட்டுக்குப் போய், கம்பி கட்டி முடித்த தட்டின் மேல் பைப் வரும் இடத்தில் ஸ்லீவ் வைத்துவிடுவது. அன்றைக்கு அரை மணி நேரம் செலவழிக்கும் பிளம்பருக்குப் பின்னால் ஓட்டை போடும் வேலையே இல்லை. இன்ஜினியர் அடுத்த சைட்டுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்.

பெட்டியில் படிக்க வேண்டிய எண்கள்

வாட்ஸ் என்பது மெஷின் இழுக்கும் மின்திறன். சுவரில் விழும் அடியின் பலம் ஜூலில் வரும். பாஷின் ஜிபிஹெச் 2-26 வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: 800 வாட்ஸ், ஓர் அடிக்கு 2.7 ஜூல், எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மகிதாவின் ஹெச்ஆர் 2470 வகை 780 வாட்ஸ், 2.4 ஜூல். அதிக வாட்ஸ் போட்டு ஜூலே போடாத பெட்டி என்றால் யோசியுங்கள். ஜூலுக்குப் பக்கத்தில் 'இப்டா' முறைப்படி அளந்தது என்றிருந்தால் நல்லது. அது ஐரோப்பியப் பவர் டூல் சங்கத்தின் அளவீட்டு முறை.

அடுத்தது பிட்டின் பிடி. எஸ்டிஎஸ் பிளஸ் பிட்டின் தண்டு 10 மி.மீ., எஸ்டிஎஸ் மேக்ஸ் 18 மி.மீ. ஒன்று மற்றொன்றில் பொருந்தாது. பிளஸ் பிட் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். மேக்ஸ் பிட்டின் விலையே தனி.

மூன்றாவது எடை. ஏணியில் நின்று தலைக்கு மேல் ஓட்டை போடுகிறவருக்கு மூன்று கிலோவுக்கும் ஏழு கிலோவுக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான்காவது சேஃப்டி கிளட்ச். பிட் கம்பியில் மாட்டும்போது இது நழுவிக்கொடுக்காவிட்டால், மெஷின் உங்கள் மணிக்கட்டைச் சுற்றிவிடும். பக்கவாட்டுக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யவே கூடாது.

சுவருக்கேற்ற கை

ஹாலோ பிளாக்கில் ஹேமர் அடியை அணைத்துவிட்டு, சுற்றும் நிலையில் மட்டும் ஓட்டை போடுங்கள். அடித்தால் பிளாக்கின் உள்பக்கம் உதிர்ந்து பிளக் நிற்காது.

காடி எடுக்கும்போது இரண்டு ஓரத்தையும் கட்டிங் மெஷினால் கோடு வெட்டிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் ஹேமரில் தட்டை உளி போட்டு எடுங்கள். நேராக உளியை இறக்கினால் நாலரை இன்ச் சுவர் அந்தப் பக்கம் விரியும். பொது விதி: நெட்டுக்காடி சுவரின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கு, படுக்கைக்காடி ஆறில் ஒரு பங்கு, அதற்கு மேல் ஆழம் கூடாது. நாலரை இன்ச் சுவருக்குக் கணக்குப் போட்டால், படுக்கையாக 19 மி.மீ.தான். அரை இன்ச் சிபிவிசி பைப்பே 16 மி.மீ. அதன் மேல் பூச்சு எங்கே நிற்கும்? அதனால் லைனை மேலிருந்து கீழாக இறக்கப் பாருங்கள்.

தூணிலும் பீமிலும் காடியே கிடையாது. ஸ்லாபில் பிட் நின்று சத்தம் மாறினால் கம்பியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். இடத்தை மாற்றுங்கள், கம்பியை வெட்டாதீர்கள்.

கரண்ட் தாங்குமா?

230 வோல்ட்டில் 1100 வாட்ஸ் மெஷின் ஐந்து ஆம்பியருக்குள் இழுக்கும். வீட்டின் சின்ன பிளக்கே போதும். 1500 வாட்ஸ் பிரேக்கர் ஆறரை ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் பெரிய பிளக்தான் வேண்டும். சைட்டில் மெல்லிய வயரை நீளமாக இழுத்து ஓட்டினால் வோல்ட்டேஜ் இறங்கி, அடி குறைந்து, காயில் சூடாகும். 2.5 சதுர மி.மீ. வயரில் எக்ஸ்டென்ஷன் பெட்டி ஒன்று கட்டிக்கொள்ளுங்கள். ஈரத் தரையில் நிற்கும் பிளம்பருக்கு, கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி இல்லாத லைன் வேண்டவே வேண்டாம்.

சொந்தமா, வாடகையா?

கணக்கு சுலபம். மெஷின் விலையை ஒருநாள் வாடகையால் வகுங்கள். உதாரணத்துக்கு, விலை 30,000, வாடகை 600 என்றால் 50 நாள். வருஷத்துக்கு 50 நாளுக்கு மேல் அந்த மெஷின் ஓடுமா? ஓடுமென்றால் வாங்கலாம். பெரும்பாலான பிளம்பருக்குப் பிரேக்கர் அவ்வளவு நாள் ஓடாது.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில் கேளுங்கள். பில் இல்லாமல் வாரண்டி இல்லை. கார்பன் பிரஷ், ஆர்மேச்சர், சுவிட்ச் மூன்றுக்கும் ஒரிஜினல் ஸ்பேர் எங்கே கிடைக்கும் என்று அப்போதே கேட்டுவிடுங்கள். கோவைப் பக்கம் மோட்டார் காயில் கட்டுகிறவருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பம்ப்செட் மோட்டார் வேறு, பிரஷ் உரசி ஓடும் ஆர்மேச்சர் வேறு. அதற்குப் பழகிய கைதான் வேண்டும். உங்கள் பங்குக்கு, ஒவ்வொரு முறையும் பிட்டின் தண்டைத் துடைத்து, துளி கிரீஸ் வைத்து மாட்டுங்கள். பிரஷ் தேய்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

உடம்பும் முதல்தான்

மெஷினின் கையேட்டில் அதிர்வு அளவு இருக்கும். ஐரோப்பாவின் 2002 விதிப்படி எட்டு மணி நேர வேலைநாளுக்கு உச்ச வரம்பு 5 மீ/வி². மெஷின் 15 என்றால், அந்த வரம்பு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். வருஷக்கணக்கில் மீறினால் விரல் வெளுத்து மரத்துப்போகும். இன்னொருவர் உடன் இருந்தால் மாற்றி மாற்றிப் பிடியுங்கள்.

கான்கிரீட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. மூக்கில் கட்டும் துண்டு அதைத் தடுக்காது. என்95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பு மூன்றும் வேண்டும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-லிருந்து இருக்கிறது, பிளம்பரும் பதியலாம். இன்னும் பதியாதவர்கள் மெஷின் வாங்குவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

முடிவாக, வீட்டு வேலை பார்க்கும் பிளம்பருக்கு 26 மி.மீ. வகை, இரண்டரை ஜூலுக்குக் குறையாத, மூன்று கிலோ எஸ்டிஎஸ் பிளஸ் மெஷின் ஒன்று சொந்தமாக இருக்கட்டும். பிரேக்கரை வேலை வரும் அன்றைக்கு வாடகைக்கு எடுங்கள். 110 மி.மீ. ஓட்டையைக் கோர் கட்டிங்காரரிடம் விடுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல பிட் செட் வாங்குங்கள். மட்டமான பிட் போட்டால் எந்த மெஷினும் மட்டமான மெஷின்தான்.