வழுவும் அமைதியும்: பகுப்பாய்வு மெய்யியலின் இரு மொழிநெறிகளும் தொல்காப்பியச் சொல்லதிகாரமும்

முன்னுரை

மெய்யியற் சிக்கல்களுள் பல மொழியைத் தவறாகப் புரிந்துகொள்வதால் எழுவன என்பது 20ஆம் நூற்றாண்டுப் பகுப்பாய்வு மெய்யியலின் அடிப்படைக் கருத்து. அச்சிக்கல்களைத் தீர்க்கும் வழி யாது என்பதில் அம்மெய்யியல் இரண்டாகப் பிரிந்தது. அன்றாட மொழி குறையுடையது, அதனைத் தருக்கக் குறியீட்டால் செப்பஞ்செய்ய வேண்டும் என்றது இலட்சிய மொழி நெறி. மொழி தன் வழக்கில் செம்மையாகவே உள்ளது, அவ்வழக்கை நுணுகி நோக்கினால் போதும் என்றது வழக்கு மொழி நெறி. இவ்விரண்டிற்கும் இடையிலான வினாவைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எங்ஙனம் எதிர்கொள்கிறது என்பதனைத் தாம்பரம் பகுதிப் பேச்சு வழக்குகள் சிலவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு நெறிகள்

1879இல் ஃபிரேகே வெளியிட்ட குறியீட்டு நூல் இலட்சிய மொழி நெறிக்கு வித்திட்டது. 1905இல் ரசல், இப்போது இல்லாத பிரெஞ்சு அரசனைப் பற்றிய தொடரைப் பகுத்து, அதன் இலக்கண வடிவமும் தருக்க வடிவமும் வேறு எனக் காட்டினார். அத்தொடர் பொய் என்பது அவர் முடிவு. 1950இல் ஸ்ட்ராசன் இதனை மறுத்தார். ஒரு தொடர் தன்னளவில் மெய்யோ பொய்யோ ஆவதில்லை. ஒருவர் ஒரு சூழலில் அதனை ஆளும்போதே அவ்வினா எழும். சுட்டப்படும் பொருளே இல்லாதபோது அவ்வினாவுக்கு இடமில்லை என்றார். 1955இல் ஹார்வர்டில் ஆற்றி, மறைவுக்குப் பின் 1962இல் நூலான உரைகளில் ஆஸ்டின், சொல்லுதலும் ஒரு செயலே என விளக்கினார்.

கால வழுவமைதி

கடற்கரை - தாம்பரம் தடத்தில் 1931 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. அவ்வண்டியில் குரோம்பேட்டையைக் கடக்கும் ஒருவர், தாம்பரத்தில் காத்திருக்கும் நண்பரிடம் கைப்பேசியில் ‘வந்துட்டேன்’ என்கிறார். அவர் இன்னும் வரவில்லை. இறந்தகாலத் தொடரை நிகழ்ந்த செயலோடு பொருத்தி நோக்கும் இலட்சிய மொழி நெறிக்கு இக்கூற்று பொய்யாகும்.

தொல்காப்பிய வினையியல் இதனை வேறு வகையில் அணுகுகிறது. எதிர்காலத்தினும் நிகழ்காலத்தினும் வரவேண்டிய வினையை இறந்தகாலத்தால் கூறுதல் விரைவுப் பொருளது என்பது அங்குள்ள விதி. புறப்பட வேண்டியவன் ஒருவன் இன்னும் உண்டுகொண்டிருக்கும்போதே உண்டுவிட்டதாகக் கூறுவதனை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். குரோம்பேட்டைப் பயணியின் கூற்றும் இவ்வகையினதே. இங்குக் கால இடைநிலை காலத்தை மட்டும் குறிக்கவில்லை. பேசுவோனின் விரைவையும் உணர்த்துகிறது.

ஆயினும் இவ்வமைதிக்கு எல்லை உண்டு. ‘இன்னும் வரலையா?’ என்னும் வினாவிற்கு ‘வந்துட்டேன்’ என்பது தக்க விடை. ‘இப்ப எந்த ஸ்டேஷன்ல இருக்க?’ என்னும் வினாவிற்கு அதே சொல் விடையாகாது. இடத்தை வினவியவனுக்கு விரைவை உணர்த்துவது, செப்பும் வினாவும் வழுவாமல் காக்க வேண்டும் என்னும் கிளவியாக்க விதிக்கு மாறாகும். ஒரே சொல் ஓரிடத்து அமைதியாகவும் மற்றோரிடத்து வழுவாகவும் நிற்பதனை இதனால் அறியலாம்.

செப்பு

மளிகைக் கடையில் ‘துவரம்பருப்பு இருக்கா?’ என்று கேட்பவருக்கு, ‘உளுத்தம்பருப்பு தவிர இல்ல’ என்று விடை கிடைக்கிறது. கடையில் அரிசியும் எண்ணெயும் உள்ளன. எனவே சொல்லுக்குச் சொல் நோக்கின் இவ்விடை பொய். ஆனால் வாங்க வந்தவர் அங்ஙனம் கொள்வதில்லை.

ஒரு பொருளை இல்லையெனக் கூறுங்கால், அப்பொருளை விடுத்துப் பிறிதொரு பொருளைச் சுட்டி ‘அல்லது இல்லை’ என்னும் வாய்பாட்டால் கூறுதலைக் கிளவியாக்கம் விதிக்கிறது. பயறு வினவியவனுக்கு உழுந்தைச் சுட்டி விடையிறுத்தல் உரை காட்டும் எடுத்துக்காட்டு. சுட்டும் பொருள் இனப்பொருளாதல் வேண்டும் என்பது உரையாளர் விளக்கம். ‘இல்லை’ என்னும் சொல்லின் எல்லையை வினாவே வரையறுக்கிறது என்னும் உணர்வு இவ்விதியில் அடங்கியுள்ளது. நன்னூல் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாகப் பகுத்ததும் தொடரின் வடிவத்தால் அன்று. வினவுவோனின் நோக்கத்தால் ஆகும். இப்பகுப்பு ஆஸ்டினின் நோக்கிற்கு அணுக்கமானது.

வேறுபாடும் வரம்பும்

இவ்வொற்றுமைகளைக் கொண்டு தொல்காப்பியரை வழக்கு மொழி மெய்யியலாளர் எனல் பொருந்தாது. அவர் நோக்கம் மெய்யியற் சிக்கலைத் தீர்ப்பதன்று, இலக்கணம் வகுப்பது. மேலும், ‘வழு’ என்னும் பெயரே ஒரு நெறியை முன்னிறுத்துகிறது. நெறி இல்லையேல் வழு இல்லை. காரணம் இல்லையேல் அமைதி இல்லை. வழக்கில் உள்ளன எல்லாம் சரி என்று அவர் கொள்ளவில்லை. நெறியினின்று விலகியன எல்லாம் பிழை என்றும் கொள்ளவில்லை. விலகலுக்குரிய பொருட்காரணத்தை வினவுவதே அவர் முறை.

யாருடைய வழக்கு என்பது மற்றொரு வினா. வழக்கு என்பதனை உயர்ந்தோர்மேல் ஏற்றுகிறது மரபியல். ஆக்ஸ்போர்டு மெய்யியலாளரின் வழக்கும் ஒரு குறுகிய குழுவின் வழக்கே எனக் கெல்னர் 1959இல் கண்டித்தார். இவ்வரம்பு இரு மரபுகளுக்கும் பொது. எனினும் விரைவு பற்றிய அமைதிக்கு உரையாசிரியர்கள் காட்டுவது புலவர் அவையை அன்று, உணவுண்பவனின் பேச்சை. செப்பிற்குக் காட்டுவது வணிகனின் விடையை. விதி உயர்ந்தோரைச் சுட்டினும் சான்று அன்றாட வாழ்விலிருந்து எடுக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது.

முடிவுரை

இலட்சிய மொழி நெறி விலகலைக் குறையாகக் கண்டது. வழக்கு மொழி நெறி அதனைப் பயன்பாடாகக் கண்டது. தொல்காப்பியம் அதனை வழு என அடையாளங்கண்டு, காரணம் உள்ளவிடத்து அமைத்துக்கொண்டது. ஆகவே வழுவமைதி என்பது பிழைக்குக் காட்டும் சலுகையன்று, பொருளுணர்வின் விதி. இன்று வழுவமைதி பெரும்பாலும் வகைப்பெயர்களின் பட்டியலாகவே மனப்பாடம் செய்யப்படுகிறது. மாணவர் நாள்தோறும் ரயிலிலும் கடையிலும் கேட்கும் தொடர்களைக் கொண்டு ‘இங்கு விலகல் யாது, அதற்குரிய காரணம் யாது’ என வினவிப் பயிற்றினால், இலக்கணம் அவர்தம் மொழியைத் திருத்தும் கருவியாக மட்டுமன்றி, அதனை உணர்த்தும் கருவியாகவும் அமையும்.