அப்பாவைப் பற்றி என்ன எழுதுவது?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த தாளும் கிடைத்தன. அப்பா காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது, நினைவு ஆராதனைக்குச் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறோம், வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணன்மார் சொல்லிவிட்டார்கள், எழுதியதைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஓர் எழுத்துப்பிழைகூடக் கிடையாது. ஆனால் உங்கள் அப்பாவும் அதில் இல்லை.

பிறந்த நாள், ஞானஸ்நானம், திடப்படுத்தல், ஆசிரியர் வேலை, திருமணம், சேகரக் கமிட்டியில் இருந்த வருடங்கள், ஓய்வு, கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள். நடுநடுவே ‘பக்தியுள்ளவர்’, ‘ஜெபவீரர்’, ‘குடும்பத்தை நேசித்தவர்’. நெல்லைச் சீமையில் எந்த ஊர்க் கோயிலில் யாருக்கு நினைவுக்கூட்டம் நடந்தாலும் பெயரை மட்டும் மாற்றி இதே தாளை வாசித்துவிடலாம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. துக்கத்தில் இருப்பவர்களின் கைக்கு முதலில் வருவது இந்தச் சொற்கள்தான். அவை பொய்யும் அல்ல. ஆனால் கடிதத்தின் பின்பக்கத்தில், ‘இது புத்தகத்துக்கு வேண்டாம், உங்களுக்காகச் சொல்கிறேன்’ என்று போட்டு அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அதில் அவர் இருக்கிறார். அதற்கு வருகிறேன். முதலில் உங்கள் ஊர்ப்பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நீங்கள் இருக்கும் சுரண்டைக்குப் பக்கத்தில்தான் சாம்பவர்வடகரை. 1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி அங்கே ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தகப்பனார் முத்துசாமி, தாயார் அன்னம்மாள். பெயரைக் கேட்டதும் ‘தமிழிசை ஆராய்ச்சியாளர், கருணாமிர்த சாகரம் எழுதியவர்’ என்று பள்ளிப்பிள்ளைகூடச் சொல்லும். மேடையில் பேசுகிறவர்களும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட ஒரு புத்தகமாக மட்டும் நினைவில் நிற்பது எனக்கு நெடுநாள் குறை. அந்தப் புத்தகம் ஒரு வீட்டில் உண்டானது. மனைவி, பிள்ளைகள், மருந்து அரைக்கிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள், விருந்தாளிகள், ஜெபம், பாட்டு எல்லாம் இருந்த பெரிய வீடு அது.

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே பிடில் கற்றுக்கொண்டவர் அவர். 1882இல் ஞானவடிவு பொன்னம்மாளைத் திருமணம் செய்துகொண்டு தஞ்சாவூருக்குக் குடிவந்தார். கணவன், மனைவி இருவருக்குமே பள்ளிக்கூட வேலை. மறுபுறம், சுருளிமலையில் கருணானந்தர் என்ற முனிவரிடம் கற்ற சித்த வைத்தியத்தையும் செய்துவந்தார். நோயாளிகள் பெருகவே பள்ளி வேலையை விட்டு முழுநேர வைத்தியர் ஆனார். கோரோசனை மாத்திரை என்றால் அந்தக் காலத்தில் கடல் கடந்தும் பெயர். கையில் காசு சேர்ந்ததும் தஞ்சைக்கு வெளியே தரிசாகக் கிடந்த நிலத்தை வாங்கித் திருத்தித் தோட்டம் போட்டார். குருவின் பெயரை வைத்து அதற்குக் கருணானந்தபுரம் என்று பெயர். ஊர்க்காரர்களுக்கு அது பண்டிதர் தோட்டம். அங்கே விளைந்த கரும்பைப் பார்க்க மாகாண கவர்னரே வந்தார். அந்தக் கவர்னர் லாலியின் பெயரில் பிறகு ஓர் அச்சகமும் வைத்தார் பண்டிதர். இவற்றை ஒவ்வொன்றாக விரித்துச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. சம்பாத்தியம் எங்கே போனது என்பதைச் சொல்லத்தான் இதெல்லாம்.

அது பாட்டுக்குப் போனது. 1907இல், பழகுகிற பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு ‘கருணாமிர்த சாகரத் திரட்டு’ என்று வெளியிட்டார். கீர்த்தனை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாமாலைப் புத்தகத்தோடு சேர்த்துக் கட்டிய அந்தப் பின்பாதி இல்லாமல் நம் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை ஏது? அந்த வழக்கத்துக்கு வேர் தஞ்சாவூரில்தான். பாளையங்கோட்டையில் பிறந்த வேதநாயக சாஸ்திரியாரைச் சிறுவயதில் தஞ்சைக்குக் கூட்டிப்போய் வளர்த்தவர் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர். அந்த சாஸ்திரியார் 1864இல் காலமானபோது சாம்பவர்வடகரையில் ஆபிரகாமுக்கு ஐந்து வயதுகூட நிறையவில்லை. அவரும் அதே நெல்லைச் சீமையிலிருந்து கிளம்பி அதே தஞ்சைக்கு வந்து சேர்ந்தார். சாஸ்திரியார் பாடி வைத்தார். பண்டிதரோ, பாடுகிற சுரம் எந்த அளவில் நிற்கிறது என்று கேட்டார். இந்தக் கேள்விதான் அவரைச் சிலப்பதிகாரத்துக்கும் ஆயப்பாலை, வட்டப்பாலை என்ற பழந்தமிழ் இசைக் கணக்குகளுக்கும் இழுத்துக்கொண்டு போனது.

1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, தஞ்சையில் மாநாட்டுக்கு மேல் மாநாடாகக் கூட்டினார். வித்வான்களும் பண்டிதர்களும் வந்து தங்கிச் சாப்பிட்டு விவாதித்துவிட்டுப் போனார்கள். செலவு அவருடையது. மாத்திரை விற்ற பணம்.

1916இல் பரோடாவில் முதல் அகில இந்திய சங்கீத மாநாடு கூடியது. கூட்டியவர் பாத்கண்டே, ஆதரித்தவர் மன்னர் சாயாஜிராவ். வடக்கேயும் தெற்கேயும் இருந்த பெரிய மூளைகளெல்லாம், ஒரு ஸ்தாயிக்குள் 22 சுருதி என்ற பழைய கணக்கை வைத்துப் பேசிக்கொண்டிருந்த சபை. 22 அல்ல, 24 என்று சொல்லப் போனார் பண்டிதர். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? பாடிக் காட்ட வேண்டும். பாடிக் காட்ட அவர் கூட்டிக்கொண்டு போனது பேர்பெற்ற வித்வான் எவரையும் அல்ல, மரகதவல்லி, கனகவல்லி என்ற தம் சொந்த மகள்களை. குடும்பப் பெண்கள் சபையில் உட்கார்ந்து பாடுவதை ஊர் ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் அது. பாட்டைத் தொழிலாகக் கொண்ட பெண்களுக்குத்தான் மேடை, மற்றவர்களுக்கு வீட்டுக்கூடம். வேதமும் ஜெபமுமாக வாழ்ந்த ஒரு தகப்பனார், தஞ்சாவூரிலிருந்து பரோடாவரை மகள்களை அழைத்துப்போய், சமஸ்தானத்து வித்வான்கள் முன்னால் பாடவைத்தார். அரைச்சுரம், காற்சுரம் என்று நுணுக்கமாக நிற்க வேண்டிய இடங்களில் அந்தப் பெண்களின் குரல் நின்றது. அப்படி நிற்க வேண்டுமானால் எத்தனை விடிகாலை சாதகம் நடந்திருக்கும்! பண்டிதரை நினைக்கும்போது என் கண்ணில் முதலில் வருவது அவருடைய ராவ் சாகிப் பட்டமோ தடித்த புத்தகமோ அல்ல, அந்த இரண்டு மகள்கள்தான். பெண்பிள்ளைகளை எப்படி நேசித்தார் என்பதற்கு இதைவிட வேறு என்ன எழுத வேண்டும்?

அவருடைய பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிறிஸ்தவர் எழுதிய அந்த நூலின் பெயரில் இருப்பது மலையில் தவம் செய்த குருவின் கருணை. இயேசுவை ஆண்டவராகக் கொண்ட மனிதருக்கு, தனக்கு வித்தை தந்த முனிவரை வணங்குவதில் சங்கடம் இருக்கவில்லை. அவர் நூலில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகளும் உண்டு. தமிழ் நூல்கள் சொல்லும் கடல்கோளையும் நோவா காலத்துப் பிரளயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வரலாறாக அதை என்னால் ஏற்க முடியாது. 24 சுருதிக் கணக்கையும் எல்லாரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஆனால் இவற்றை வெட்டிவிட்டுப் பண்டிதரை நினைவுகூர்ந்தால் அது வேறு யாரோ. தமிழையும் வேதத்தையும் ஒரே கடவுள் தந்ததாக முழு மனதோடு நம்பியவர், இரண்டையும் ஒரே மேசையில்தான் விரித்து வைப்பார்.

1917இல் கருணாமிர்த சாகரத்தின் முதல் புத்தகம் அவருடைய அச்சகத்திலேயே அச்சாகி வந்தது. 1919 ஆகஸ்ட் 31இல் பண்டிதர் காலமானார். அறுபதுதான் வயது. இரண்டாம் புத்தகம் அச்சேறாமல் நின்றுபோனது. அதை வெளியிட்டவர் மகன் வரகுண பாண்டியன், 1946இல். நடுவே 27 வருடம் ஓடியிருக்கிறது. அப்பாவின் கையெழுத்துப் பிரதியை அத்தனை காலம் பாதுகாத்து, தாமும் வீணை பயின்று, யாழைப் பற்றித் தனியாக ஒரு நூலும் எழுதிய பிள்ளை அவர். தகப்பனாரை நினைவுகூர்வது என்றால் என்ன என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து அந்த மகன் செய்ததுதான்.

இனி உங்கள் அரைப்பக்கத்துக்கு வருகிறேன்.

அப்பா ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார் என்கிறீர்கள். சம்பளம் வாங்கிய அன்று முதல் வரி ‘சங்கக் காணிக்கை’, அதற்கடுத்த வரிதான் ‘அரிசி’. ஒரு மாதத்தில் மட்டும் காணிக்கைக்கு எதிரே சுழியம் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மூத்தவன் காலேஜ் பீஸ், அடுத்த மாதம் சேர்த்து’ என்று எழுதியிருக்கிறார். அடுத்த மாதம் இரட்டிப்பாக எழுதியிருக்கிறது. ஆண்டவரிடம் தவணை கேட்டு வாங்கித் திருப்பிக் கட்டிய மனிதர்! ‘தவறாமல் காணிக்கை கொடுத்தவர்’ என்று உங்கள் தாளில் இருக்கும் வரியை அடித்துவிட்டு, இந்த இரண்டு மாதத்துக் கணக்கை அப்படியே எழுதுங்கள். அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கும் என்று யோசிக்கிறீர்கள். அண்ணனிடமே காட்டுங்கள். அந்த வரி புத்தகத்தில் வர வேண்டும் என்று அவரே கேட்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப்பானையில் போட்டு வைத்ததையும் எழுதியிருக்கிறீர்கள். பிடியரிசிக் காணிக்கை எல்லா வீட்டிலும் உள்ளதுதானே என்று கடந்துபோய்விடாதீர்கள். அந்தப் பானையைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போனது அப்பா என்றால், அதை நிரப்பியது அம்மா. வாழ்க்கைக் குறிப்புகளில் மனைவிக்கு ‘அன்னாரின் துணைவியார்’ என்று ஒரே வரி. பண்டிதர் விஷயத்திலும் நமக்குப் பெரிய இழப்பு அதுதான்; பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்து, குடும்பத்தையும் சுமந்த பொன்னம்மாளைப் பற்றி எவ்வளவு குறைவாக எழுதி வைத்திருக்கிறார்கள்! உங்களுக்கு அந்தக் குறை வரக் கூடாது. அம்மா இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கி எழுதியது. வயல் வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு பேச்சு நின்றுபோனதும், அந்த இரண்டு வருடமும் அப்பா திருவிருந்துப் பந்தியில் சேராததும். எல்லாரும் எழுந்து முன்னே போக, அவர் மட்டும் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். சின்னப்பிள்ளையாக இருந்த உங்களுக்கு அவமானமாக இருக்கும். சபைக்குரு ஐயர் வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, ‘தம்பியோடு பேசாத வாயில் அதை எப்படி ஐயா வாங்குவது?’ என்றார். இதை எழுதினால் குடும்ப மானம் போய்விடும், அப்பா பேர் கெட்டுவிடும் என்று பயப்படுகிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோபத்தை விட முடியாத மனிதரும் அவர்தான். கோபத்தை வைத்துக்கொண்டு பலிபீடத்தருகே போக மனம் வராத மனிதரும் அவர்தான். மனதில் பகையோடு முழங்கால்போட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். ‘பக்தியுள்ளவர்’ என்று பத்துத் தடவை எழுதினாலும் அந்தக் காலி இடத்துக்கு ஈடாகாது. சித்தப்பா உயிரோடு இருக்கிறார் என்பதால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. அவர் வேண்டாம் என்றால் வரப்பை விட்டுவிடுங்கள், பெஞ்சை எழுதுங்கள்.

தேதிகள் இருக்கட்டும். அவற்றைக் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டுவிடலாம். முதல் பக்கத்தைக் கணக்கு நோட்டில் தொடங்குங்கள். முடிந்தால் அந்த இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து, அவர் கையெழுத்து தெரியும்படி அச்சிடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளையும் ஆளுக்கு நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் திருத்த வேண்டாம். ஆராதனையில் அவருக்குப் பிடித்த கீர்த்தனையைப் பாடகர் குழுவிடம் விட்டுவிடாமல் நீங்கள் பிள்ளைகளே பாடுங்கள். சுருதி சேராவிட்டால் பரவாயில்லை.

எழுதி முடித்ததும் மறுபடி அனுப்புங்கள். அவசரம் இல்லை, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்