தீபத்துக்கு வை, மாசி மகத்துக்குக் கொட்டு

"அக்கா, சிவப்பு உருளைக்கிழங்கு நம்ம வீட்டுக் கொல்லையில வருமா?" என்று போன வாரம் என் தங்கச்சி போனில் கேட்டாள். வானூரில் வாக்கப்பட்டவள். வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடி செம்மண் தரை கிடக்கிறது. பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டில் சிவப்புத் தோல் உருளையைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. அரைக் கிலோ வாங்கி வைத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அவளுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

வரும். ஆனால் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மாதிரி வராது. மல்லாட்டையும் கப்பலேறி வந்த பயிர்தான், மணிலாக்கொட்டை என்கிற பேரிலேயே மணிலா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு நம் மண்ணும் வெயிலும் சொந்த வீடாகிவிட்டது. திண்டிவனத்தில் ஆராய்ச்சி நிலையமே வைத்து ரகம் ரகமாக விடுகிறார்கள். உருளைக்கிழங்கு அப்படி இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பிறந்த செடி, இன்றைக்கும் குளிர் கேட்கும்.

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் ஏமாந்து போகிறோம். மண்ணைப் பற்றியே கவலைப்படுகிறோம். உருளைக்கு வேண்டியது ராத்திரிக் குளிர். பகலில் இலை சமைக்கிற சாப்பாட்டை, ராத்திரி குளிர்ந்தால்தான் செடி கீழே இறக்கிக் கிழங்காகக் கட்டும். பதினைந்திலிருந்து பதினெட்டு டிகிரி என்றால் அதற்குக் கொண்டாட்டம். இருபதைத் தாண்டினால் இலையும் தண்டுமாகக் கொழுத்துக்கொண்டு போகும், பிடுங்கிப் பார்த்தால் கோலிக்குண்டு அளவில் நாலு கிடக்கும். நம்ம பக்கம் மார்கழி, தையில்கூட இருபது இருபத்தொன்றுக்குக் கீழே இறங்குவது கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளைத் தவறவிடாமல் பிடிக்க வேண்டும். வித்தை அவ்வளவுதான்.

சீக்கிரம் போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. 2024 ஐப்பசியில், மழை பெய்கிறதே, தண்ணீர் ஊற்ற வேண்டாமே என்று தரையில் பாத்தி எடுத்து விதைக் கிழங்கைப் புதைத்தேன். நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் வந்தது. மயிலத்தில் மட்டும் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது என்று செய்தியில் சொன்னார்கள். எங்கள் கிளியனூர்ப் பக்கமும் கொல்லையெல்லாம் குளம். தண்ணீர் வடிந்த பிறகு தோண்டினால், கையில் வந்தது கிழங்கு இல்லை, நாற்றமடிக்கிற கூழ். நல்லவேளை, முளைகட்ட வைத்திருந்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்த வருஷம் டிசம்பர் 13 திருக்கார்த்திகை. தீபம் முடிந்து மழை ஓய்ந்ததும் மிச்சத்தைச் சாக்கில் வைத்தேன். அது பிழைத்தது.

அன்றையிலிருந்து எனக்குக் கணக்கு நிலாதான். கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். அடுத்த பௌர்ணமிக்குத் திருவாதிரை, அதற்கடுத்தது தைப்பூசம், அதற்கும் அடுத்தது மாசி மகம். தீபத்திலிருந்து மாசி மகம் ஏறக்குறைய எண்பத்தெட்டு நாள். நம்ம ஊரில் உருளைக்குக் கிடைக்கிற குளிர்காலமும் அதுவேதான், அளந்து வைத்த மாதிரி. தீபத்துக்கு வை, திருவாதிரைக் களி கிண்டுகிற வாரத்தில் மண் அணை, தைப்பூசத்தோடு எரு போடுவதை நிறுத்து, மயிலம் முருகன் மாசி மகத் தீர்த்தவாரிக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் புறப்படுகிற நாளில் சாக்கைக் கொட்டு. சில வருஷம் தீபம் நவம்பரிலேயே வந்துவிடும். அப்போது பத்துப் பதினைந்து நாள் தள்ளிப் போடு.

கார்த்திகைக்குப் பின் மழை இல்லை என்று பழமொழி சொல்லும். அதை நம்பிக் காலை நீட்டிப் படுக்காதே. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30, மார்கழி நடுவில். நம்ம முந்திரித் தோப்புகள் படுத்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், பத்தடி நிலம் இருந்தாலும் உருளையைச் சாக்கில் வை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் தாழ்வாரத்துக்குக் கீழே இழுத்துவிடலாம். தரையில் வைத்ததை எங்கே இழுப்பாய்?

இனி கிழங்கு. சிவப்பு ரகங்களில் பேர் போனது குஃப்ரி சிந்தூரி. சிம்லாவில் இருக்கிற மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1967-இல் வெளியிட்டது. குஃப்ரி என்பது அங்கே பக்கத்தில் உள்ள ஊரின் பேர். சிந்தூரி நன்றாக விளையும், ஆனால் முற்ற நூற்றுப் பத்து, நூற்று இருபது நாள் எடுக்கும். நம்மிடம் அத்தனை நாள் குளிர் ஏது? 1982-இல் வந்த குஃப்ரி லாலிமா அதைவிட முன்னதாகவே முடிந்துவிடும், நமக்கு அது தோது. மார்க்கெட்டில் போய் "இது சிந்தூரியா, லாலிமாவா" என்று கேட்டால் கடைக்காரர் உன்னை மேலும் கீழும் பார்ப்பார். அவருக்கு அது சிவப்பு, கிலோ இவ்வளவு, அவ்வளவுதான். எதுவாக இருந்தாலும் சின்னக் கிழங்காகவே எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்று முதலிலேயே மனசைத் தேற்றிக்கொள். சிவப்புத்தான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் குஃப்ரி சூர்யா இருக்கிறது. 2006-இல் வெளியிட்ட ரகம், வெள்ளைத் தோல், ராத்திரி இருபது டிகிரி இருந்தாலும் கிழங்கு கட்டும்.

ஊட்டிக்கு டூர் போன இடத்தில் விதைக்கென்று கிழங்கு வாங்கி வரும் ஆசை மட்டும் வேண்டாம். நீலகிரி மண்ணில் உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதை 1961-இல் கண்டுபிடித்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடு கிழங்கில் ஒட்டிய மண்ணோடு வந்து, வருஷக்கணக்கில் நிலத்தில் தூங்கும். அதனால் அங்கிருந்து விதைக் கிழங்கு வெளியே போகத் தடை போட்டிருக்கிறார்கள். பொரியலுக்கு வாங்கு, புதைக்க வாங்காதே.

கடைக் கிழங்கு வாங்கினால் கோழிமுட்டை அளவில் பொறுக்கு. கண் கண்ணாக வெட்டி வைப்பது குளிர் ஊர்ப் பழக்கம். நம்ம ஈரத்திலும் சூட்டிலும் வெட்டிய இடம்தான் முதலில் அழுகும். முழுசாக வை. பெரிதாக இருந்து வெட்டியே தீர வேண்டுமென்றால், வெட்டுவாயில் அடுப்புச் சாம்பலைத் தொட்டு இரண்டு நாள் நிழலில் காயவிடு. ஒரு கிழங்கை மட்டும் குறுக்கே வெட்டி அழுத்திப் பார். உள்வளையத்தில் பால் மாதிரிக் கசிந்தால் வாடல் நோய். அந்த மொத்தத்தையும் விதைக்கு எடுக்காதே. கத்தரி, தக்காளி, மிளகாய்க்கும் இதே நோய்தான். எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்தது இன்னொன்றுக்கு வரும். போன பட்டம் கத்தரி நின்ற மண்ணை அள்ளிச் சாக்கில் போடாதே என்று சொல்வதும் இதனால்தான்.

வாங்கிய கிழங்கு உடனே முளைக்காது. தோண்டி இரண்டு இரண்டரை மாதம் அது தூங்கும். குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்ததென்றால் முளைக்காமலிருக்க மருந்தும் பட்டிருக்கலாம். தீபத்துக்கு மூன்று நான்கு வாரம் முன்பே முட்டை அட்டையில் ஒவ்வொன்றாக நிற்க வைத்து, வெயில் படாத வெளிச்சத்தில் வை. இருட்டுக் கூடையில் வைத்தால் வெளுத்த நூலாக முளை நீளும், தொட்டால் ஒடியும். வெளிச்சத்தில் கட்டையாக, குட்டையாக, சிவப்பு ரகத்துக்குச் செவசெவ என்று முளை வரும். ஒரு விரற்கடை வந்தால் போதும். எது முளைக்கவே இல்லையோ அதைச் சாம்பாரில் போட்டுவிடு. ஆனால் வெளிச்சத்தில் பச்சை பூத்த கிழங்கு சமையலுக்கு ஆகாது. கசக்கும், வயிற்றுக்கும் விஷம்.

சாக்குக்கு எங்கேயும் அலைய வேண்டாம். இருபத்தாறு கிலோ அரிசிச் சாக்கு போதும். வெள்ளைச் சாக்காகப் பார். கறுப்புப் பை வெயிலை உறிஞ்சி மண்ணைக் கொதிக்க வைத்துவிடும். அடியிலும் பக்கத்திலும் கட்டைவிரல் நுழைகிற மாதிரி ஓட்டை போடு. இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு நன்றாக மக்கின மாட்டெரு, ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பச்சைச் சாணம் கூடாது. சாம்பல் நல்லது என்று அன்னக்கூடை அன்னக்கூடையாகக் கொட்டாதே, தோலில் சொறி விழும். கடலைப் புண்ணாக்குக் கரைசலும் ஒருமுறை, அதிகம் போனால் இரண்டுமுறை. நிறையக் கொடுத்தால் கீரைப் பாத்தி மாதிரி இலைதான் வரும்.

சாக்கின் வாயைப் பாதிவரை மடித்துவிட்டு, கால்வாசி மண் போட்டு, முளை மேலே பார்க்க இரண்டு கிழங்கு வை. மேலே நாலு விரல் மண். செடி ஒரு சாண் உயர்ந்ததும், நுனி இலைகளை மட்டும் விட்டு மண்ணை ஏற்று. திருவாதிரை வாரத்தில் இன்னொரு முறை. மண்ணை ஏற்ற ஏற்ற மாடி மாடியாகக் கிழங்கு தொங்கும் என்று வீடியோவில் காட்டுவார்கள். நான் சாக்கு நிறைய ஏற்றிப் பார்த்துவிட்டேன். வைத்த கிழங்கைச் சுற்றியும் அதற்குச் சற்று மேலேயும்தான் காய்த்தது. மண் அணைப்பது வெளிச்சம் படாமலும் சூடு ஏறாமலும் காக்கத்தான்.

சூட்டைக் குறைக்க நம்ம ஊரிலேயே மருந்து இருக்கிறது: சவுக்குச் சருகு. சாக்கு வாயில் மூன்று விரல் கனத்துக்குப் பரப்பிவிடு. இல்லையென்றால் மல்லாட்டைத் தொலி. சாக்கை வீட்டுக்குக் கிழக்கே வை. காலையிலிருந்து உச்சிவரை வெயில் கிடைக்கும், பிற்பகல் சூட்டைச் சுவர் தாங்கிக்கொள்ளும். சாயங்காலம் இலையில் படாமல் அடியில் தண்ணீர் விடு. ராத்திரிக்கு மண் ஜில்லென்று இருக்கும். விரலை விட்டுப் பார்த்து, இரண்டாவது கணுவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று.

இலைக்கு அடியில் அசுவினி சேரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒருமுறை அடி. நல்ல ஈரம் இருந்தும் ஒரு செடி திடீரென்று தொங்கினால், தண்டை நறுக்கிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார். வெள்ளைப் புகை மாதிரி நூல் இறங்கினால் அந்தச் சாக்கை மண்ணோடு அப்புறப்படுத்து, தோட்டத்தில் கொட்டாதே. பெருச்சாளிக்கு மட்டும் எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. சாக்கைத் திண்ணை மேல் ஏற்றி வைக்கிறேன், பாதி நாள் பலிக்கிறது. பூத்துக் காய் பிடித்தால் சின்னத் தக்காளி மாதிரிப் பச்சையாக இருக்கும். அது விஷம். வீட்டில் குழந்தை இருக்கிறது, பார்த்ததும் கிள்ளி எறி.

மாசியில் இலை மஞ்சளடிக்கும். மகத்துக்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்தி, தண்டை மண் மட்டத்துக்கு அறுத்துவிடு. அந்தப் பத்து நாளில் தோல் இறுகும். அதன்பிறகும் விட்டு வைக்காதே, பங்குனி வெயில் ஏறினால் கிழங்கு மண்ணுக்குள்ளேயே வெந்த மாதிரி ஆகிவிடும். களைக்கொட்டு வேண்டாம், தார்ப்பாயில் சாக்கைக் கவிழ்த்துக் கையால் பொறுக்கு. கழுவாமல் ஒரு வாரம் நிழலில் பரப்பு. பிரிட்ஜில் வைத்தால் மாவு சர்க்கரையாகி இனிக்கும், வறுத்தால் கறுக்கும்.

போன மாசியில் எனக்கு ஆறு சாக்கில் கிடைத்தது மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எலுமிச்சை அளவு, கோலி அளவு, இரண்டே இரண்டு முட்டை அளவு. செலவுக் கணக்குப் போட்ட உன் மாமா "இதுக்குக் கடையில வாங்கியிருக்கலாம்" என்றார். காசு தேற வேண்டுமென்றால் வேலியோரம் செவ்வள்ளிக் கொடியைக் கிள்ளி நட்டுவிடு. சர்க்கரைவள்ளிக்கு நம்ம வெயில் பொருட்டே இல்லை, மூன்றரை நாலு மாதத்தில் கிலோ கிலோவாகத் தோண்டலாம். இரண்டையும் வை என்றுதான் நான் சொல்வேன்.

அந்தக் கோலி அளவு உருளையை என்ன செய்வது என்று கேட்டாயே. தோலோடு உப்புப் போட்டு முக்கால் வேக்காடு வேகவிட்டு, மல்லாட்டை எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டு, மிளகாய்த்தூள் சேர்த்துச் சின்னத் தீயில் புரட்டு. புதுக் கிழங்கின் தோல் நகம் பட்டாலே உரியும், ஆகவே கரண்டியால் கிண்டாமல் சட்டியைக் குலுக்கு. உன் மாமா அன்றைக்கு இரண்டாம் முறை சோறு வாங்கினார்.